பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லையா?



எங்கள் மாடி வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டிலிருந்தபடியே டி.டி.பி. வேலை செய்பவர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கடை திறப்பு நோட்டீஸ் எல்லாம் அவர் டைப் செய்த பிறகுதான் அச்சகத்துக்குப் போகும். வைகாசி முகூர்த்த சமயத்தில் ஒருநாள் காலை ஏழு மணிக்கே வந்து கதவைத் தட்டினார். முகமே சரியில்லை.

"சார், கம்ப்யூட்டர் ஆன் ஆக மாட்டேங்குது. நாலு பத்திரிகை உள்ளே மாட்டிக்கிட்டு நிக்குது. இன்னைக்கு ப்ரூஃப் குடுக்கணும்."

வழக்கமாகப் பார்க்கும் கடைக்கு அதற்குள் போன் செய்துவிட்டார். பொருளைக் கண்ணால் பார்க்காமலேயே, "மதர்போர்டு போயிருக்கும்க்கா, எட்டாயிரம் வரைக்கும் வரும், கொண்டாந்து வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு முகூர்த்த மாதம் முழுக்க உழைத்தால் அவர் கையில் மிஞ்சுகிற தொகை கிட்டத்தட்ட அதுதான்.

"பட்டனை அமுக்கினப்போ ஃபேன் சுத்துற சத்தம் கேட்டுச்சா? எங்கேயாவது லைட் எரிஞ்சுச்சா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கவனிக்கலையே சார்" என்றார்.

நம்மில் எத்தனை பேர் கவனிக்கிறோம், சொல்லுங்கள்? "ஆன் ஆகலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, மூச்சுப் பேச்சே இல்லாமல் கிடப்பது: ஃபேன் சுற்றாது, விளக்கு எரியாது. இன்னொன்று, ஃபேன் சுற்றும், விளக்கும் எரியும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். முதலாவதில் பெரும்பாலும் கரண்ட் வந்து சேரவில்லை. இரண்டாவதில் கரண்ட் வந்துவிட்டது, அதற்கு மேல்தான் ஏதோ தடை. எது என்று தெரியாமல் கடைக்காரரிடம் பேசினால், அவர் சொல்வதுதான் நமக்குக் கணக்கு.

மூச்சே இல்லை என்றால் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு முதலில் சுவரைப் பாருங்கள். அதே பிளக்கில் டேபிள் ஃபேனைச் சொருகிப் பாருங்கள். மொபைல் சார்ஜரை வைத்துச் சோதிப்பது போதாது. அது 100 வோல்ட் வந்தாலே வேலை செய்துவிடும். நம் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். கோடையில் மாலை நேரத்து லோ வோல்டேஜை டேபிள் ஃபேன் காட்டிக்கொடுத்துவிடும், சார்ஜர் காட்டாது.

அடுத்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வருஷக்கணக்கில் சொருகிச் சொருகி எடுத்ததில் உள்ளே இருக்கும் தகடு தளர்ந்துபோயிருக்கும். அதை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் சொருகிப் பாருங்கள். யு.பி.எஸ். இருந்தால் அதையும் ஒதுக்குங்கள். இந்த யு.பி.எஸ். விஷயத்தில் ஏமாறாத வீடே இல்லை என்று நினைக்கிறேன். அதற்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு மூன்று வருஷத்தில் சோர்ந்துவிடும். பேட்டரி அடியோடு செத்துவிட்டால், சுவரில் கரண்ட் இருந்தாலும் பல யு.பி.எஸ்.கள் உயிர் பெறாது. பழி விழுவதோ கம்ப்யூட்டர் மேல்.

பவர் கார்டு மேல் சந்தேகம் வந்தால் புதிது வாங்க ஓட வேண்டாம். பெரும்பாலான டெஸ்க்டாப்களில் மானிட்டருக்கும் கேபினட்டுக்கும் ஒரே மாதிரி கார்டுதான். மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் "ஆன் ஆகலை" என்று போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வியே வேறு. "பின்னாடி இருக்கிற சுவிட்சைப் பாத்தீங்களா?" கேபினட்டின் பின்பக்கம், கார்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் வட்டம் போட்டிருக்கும். கோட்டுப் பக்கம் அமுங்கியிருந்தால் ஆன். வருஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரை இழுத்துப் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, அப்போது துணி பட்டு அது வட்டத்துப் பக்கம் சாய்ந்துவிடும். ஈரத்துணியால் துடைத்திருந்தால் உடனே போடாதீர்கள். நன்றாகக் காயட்டும்.

மாடி அக்கா வீட்டில் இதெல்லாம் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. ஆனாலும் பட்டனை அமுக்கினால் சத்தமே இல்லை. கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் சொன்னேன். டார்ச் அடித்துப் பார்த்தால், மதர்போர்டு மேல் ஒரு மூலையில் குண்டூசித் தலை அளவுக்குப் பச்சை விளக்கு ஒன்று நிதானமாக எரிந்துகொண்டிருக்கிறது!

அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நிம்மதி. ஏன் என்று சொல்கிறேன்.

கம்ப்யூட்டரின் பவர் பட்டன் நம் வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி கிடையாது. அதன் வழியாக 230 வோல்ட் போவதில்லை. 1995-இல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பிலிருந்து இப்படித்தான். சுவரில் சுவிட்ச் போட்டவுடனேயே, கேபினட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அரைத் தூக்கத்தில் 5 வோல்ட்டை மட்டும் மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். நாம் பட்டனை அமுக்கும்போது இரண்டு மெல்லிய வயர்கள் ஒரு நொடி தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். அந்தத் தகவல் கிடைத்ததும் மதர்போர்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை முழுசாக எழுப்புகிறது. அந்தப் பச்சை விளக்கு எரிகிறது என்றால் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உயிர் இருக்கிறது, மதர்போர்டு வரை கரண்ட் வருகிறது. அப்படியானால் பட்டனிலிருந்து தகவல் போகிறதா இல்லையா?

கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட் இரும்பை ஒருமுறை கையால் தொட்டோம், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் இறங்கட்டும் என்று. முன்பக்கத்திலிருந்து வரும் மெல்லிய வயர்களின் நுனியில் கறுப்பாக, அரிசி அளவுக்குச் சின்னச் சின்னக் கனெக்டர்கள். ஒன்றில் பவர் சுவிட்ச் என்றும் இன்னொன்றில் ரீசெட் சுவிட்ச் என்றும் பொடி எழுத்தில் சுருக்கி எழுதியிருக்கும். பவர் கனெக்டரை உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களில் ரீசெட் கனெக்டரைச் சொருகினோம். கார்டைத் திரும்ப மாட்டி, அக்கா தன் கையாலேயே ரீசெட் பட்டனை அமுக்கினார்.

ஃபேன் சுற்றியது. திரையில் வெளிச்சம் வந்தது. நாலு பத்திரிகையும் பத்திரமாக இருந்தன. பல வருஷமாக அமுக்கி அமுக்கித் தேய்ந்துபோன பட்டன்தான் கோளாறு. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. இன்றுவரை அந்த ரீசெட் பட்டனில்தான் அவர் ஆன் செய்கிறார். வேறு யாரும் குழம்பக் கூடாது என்று அதன்மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கிறார்.

இனி அந்த இரண்டாவது வகை. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. முதலில் மானிட்டரின் சொந்த விளக்கு எரிகிறதா, டிஸ்ப்ளே கேபிள் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியென்றால் அடுத்த சந்தேகம் ரேம் மேல். 'பீப் பீப்' என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். கடற்கரை ஊர்களிலும் ஐப்பசி அடைமழையிலும் ரேமின் தங்க நிறப் பட்டைகள் லேசாகப் பாசி படிந்த மாதிரி மங்கிப்போகும். கார்டைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கக் கொக்கியையும் தளர்த்தி ரேமை எடுத்து, குழந்தையின் ஸ்கூல் பையில் இருக்கும் ரப்பரால் அந்தப் பட்டைகளை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

லேப்டாப் என்றால் நாம் செய்யக்கூடியது குறைவு. சார்ஜரின் விளக்கைப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை முப்பது விநாடி அமுக்கிப் பிடித்து, பிறகு சார்ஜர் போட்டு முயற்சி செய்யுங்கள். 2011-இல் தொடங்கி தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் "செத்துப்போச்சு" என்று கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குப் போனது பேட்டரி மட்டுமாக இருக்கலாம். பேட்டரியைக் கழற்ற முடிகிற மாடலாக இருந்தால், கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஒருமுறை போட்டுப் பாருங்களேன்.

ஒரு எல்லையை மட்டும் தாண்டாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். என்கிற அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கவே கூடாது. அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். கார்டைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அது இறங்காமல் இருக்கும். யூடியூபைப் பார்த்துவிட்டு வீட்டுப் பையன் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தால், அந்தப் பெட்டி பக்கம் போகாதே என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். கருகிய வாடை வந்தாலோ, 'பட்' என்று வெடித்த சத்தம் கேட்டாலோ மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூணு பின் பிளக்கை ரெண்டு பின் ஆக்கிக்கொள்ளும் பழக்கம் எத்தனை வீட்டில் இருக்கிறது!

இவ்வளவுக்குப் பிறகும் அசையவில்லை என்றால் கடைக்குத்தான் போக வேண்டும். தாராளமாகப் போங்கள். நேர்மையாக உழைக்கிற மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் "ஆன் ஆகலை" என்று சொல்லாதீர்கள். "நேராச் சுவத்துல போட்டும் பாத்தேன், போர்டுல லைட் எரியலை, ஃபேன் சுத்தலை. எஸ்.எம்.பி.எஸ். மாத்தி வெச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். கேட்கிறவரின் பதிலே வேறு மாதிரி இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். மாற்றுவது மதர்போர்டு மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு. எதை மாற்றினாலும் பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

போட்டோ எல்லாம் போய்விடுமே என்ற பயம்தான் பெரிய பயம். கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்தநாள், அப்பாவின் கடைசிப் படம் எல்லாம் அதற்குள்தானே இருக்கிறது. டெஸ்க்டாப்பில் அவை இருப்பது ஹார்ட் டிஸ்கில். அது தனிப் பொருள். எஸ்.எம்.பி.எஸ். போனாலும் மதர்போர்டு போனாலும், பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். "ஃபார்மட் பண்ணிடட்டுமா?" என்று கடையில் கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். கம்ப்யூட்டருக்கு உயிர் வராத கோளாறுக்கும் ஃபார்மட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

மாடி அக்கா இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் அன்றைய ஃபைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி செய்துவிடுகிறார். அதை வைத்திருப்பது பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், தீப்பெட்டிக்குப் பக்கத்தில். ஏன் அங்கே என்று கேட்டேன். "தினமும் விளக்கேத்தப் போறப்ப கண்ணுல படும்ல சார், மறக்காது" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்