உறுப்புகள் பறப்பதில்லை

ஆளில்லா வானூர்தியைக் காண்பார் அதன் சுழலிகளை வியப்பர், படக்கருவியை வியப்பர், அது தானே எழுந்து தானே இறங்குங்கால் கைதட்டி மகிழ்வர். அவ்வுறுப்புகளுக்கிடையே ஓடும் கம்பிகளையும், அக்கம்பிகளில் ஓடும் செய்திகளையும் ஒன்றோடொன்று முரணாவண்ணம் பொருத்தி வைத்தவர் யாரென்று எவரும் வினவுவதில்லை. அவரே வானூர்தி மின்னணுக் கருவிகளின் பிணைப்புப் பொறியாளர். 'டிரோன், டிரோன்' என்று நாள்தோறும் கூவுகின்ற செய்தித்தாள்களில் இப்பணியின் பெயரை யான் ஒருமுறையேனும் கண்டதில்லை.

தமிழ் கற்றார்க்கு இப்பணியை விளக்குதல் எளிது. நிலைமொழி தனித்து நிற்குங்கால் குற்றமற்றது, வருமொழியும் அத்தகையதே. இரண்டும் புணருமிடத்திலோ ஓரெழுத்துத் தோன்றும், ஓரெழுத்துத் திரியும், ஓரெழுத்துக் கெடும். அதனாலன்றோ தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதியைப் புணர்ச்சிக்கே ஒதுக்கினார்! சொற்களை அடுக்கியவுடன் தொடர் பிறந்துவிடாது. உறுப்புகளை அடுக்கியவுடன் ஊர்தியும் பறந்துவிடாது.

காந்தத் திசைகாட்டியை எடுத்துக்கொள்வோம். மேசைமேல் தனியே வைத்தால் அது வடக்கைப் பிழையின்றிக் காட்டும். மின்கலத்தினின்று மின்னோடிகளுக்குச் செல்லும் தடித்த கம்பியின் அருகே அதனைப் பொருத்தி, மின்னோடிகளை முடுக்கிப் பாருங்கள். கம்பியில் பாயும் மின்னோட்டம் தானே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி வடக்கைத் திரித்துவிடும். ஊர்தி அத்திரிந்த வடக்கை மெய்யென்று நம்பும். நின்ற இடத்தில் நிற்க முயன்று வட்டமிடத் தொடங்கும். வட்டம் பெருகிப் பெருகி மரத்திலோ மதிலிலோ போய் மோதும். திசைகாட்டி செய்தவன்மேல் குற்றமில்லை. மின்னோடி செய்தவன்மேலும் குற்றமில்லை. போக்குக் கம்பியையும் வரவுக் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி, திசைகாட்டியை ஒரு சிறு தண்டின்மேல் உயர்த்தி வைத்தால் தீர்ந்தது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் கணிக்கும் உணரியும் இவ்வாறே, சுழலியின் காற்று தன்மேல் நேரே வீசினால் பொய்யுரைக்கும். மின்னோடிகள் ஒருங்கே விரையும் நொடியில் மின்னழுத்தம் தாழ்ந்து, ஆணை பெறும் கருவி கண்ணயர்ந்து விடுவதும் உண்டு. நடுக் கணிப்பொறியைத் திருப்பி வைத்துவிட்டு அதனைக் கணிப்பொறிக்கு அறிவிக்க மறந்தால், இடம் வலமாகும். எழுந்த கணத்திலேயே ஊர்தி குப்புற விழும்.

இவற்றையெல்லாம் வானில் கண்டறிதல் பேதைமை. ஆகவே ஊர்தியின் கணிப்பொறியை மேசையிலேயே வைத்து, அது பறப்பதாகப் பொய்யுணர்வுகளை ஊட்டுவர். செயற்கைக்கோள் குறிப்பலை அற்றதெனவும், ஆணைத் தொடர்பு துணிந்ததெனவும், மின்கலம் வற்றியதெனவும் அதனை ஏமாற்றி, அது என் செய்கின்றதெனப் பார்ப்பர். பிணைப்புப் பொறியாளரின் நாள்களில் பெரும்பகுதி இவ்வாறு மேசையருகிலேயே கழியும். அதனைப் படமெடுத்து வெளியிடுவார் எவருமிலர்.

நாசா 1998-இல் விடுத்த செவ்வாய்க் காலநிலைக் கலம் 1999 செப்டம்பரில் அழிந்தது. உந்துகையின் அளவை ஒரு சாரார் ஆங்கிலேய அளவையில் தந்தனர். மறுசாரார் அதனை மெட்ரிக் அளவையெனக் கொண்டனர். கூடுமிடத்தில் அவ்வேறுபாடு பிடிபடவில்லை. அது தொலைவானத்துக் கதை. தலைக்கு மேலே பறப்பதற்கு வருவோம். சுவிச்சர்லாந்து அஞ்சல்துறை, மருத்துவமனைகளுக்கிடையே ஆய்வுப் பொருள்களை ஆளில்லா வானூர்திகளில் அனுப்பி வந்தது. 2019 சனவரியில் அவற்றுள் ஒன்று, வழியறி கருவிக்குரிய மின்தொடர்பில் நேர்ந்த கோளாற்றால் வான்குடை விரித்துச் சூரிச்சு ஏரியில் இறங்கிற்று. நீரில் வீழ்ந்தமையால் எவர்க்கும் ஊறில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் மற்றொன்றுக்கு இடர் நேர்ந்தது. வான்குடை விரிந்தது, ஆனால் அதனை ஊர்தியோடு பிணைத்திருந்த கயிறு, கூரிய விளிம்பில் பட்டு அறுந்தது. ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையுள்ள அவ்வூர்தி, மழலையர் குழுவொன்று இருந்த இடத்திற்கு 50 மீட்டர் தொலைவில் வந்து வீழ்ந்தது. காக்க வந்த கருவி காக்கத்தான் செய்தது. பிணைத்த கயிறு கைவிட்டது. அத்துறை பறப்புகளை நிறுத்தி, கயிற்றை இரட்டிப்பதும் உலோகப் பின்னலால் வலுவூட்டுவதும் எனத் திருத்தம் செய்தது. மழலையர் அங்கிருந்து 50 மீட்டர் தள்ளியிருந்தது எவருடைய திறத்தாலும் அன்று.

என்னிடம் தமிழ் பயின்று, பின் பொறியியல் கற்ற இளைஞர் ஒருவர் இத்தகைய தொழிலகம் ஒன்றில் பணியாற்றினார். (தொழிலகத்தின் பெயர் வேண்டா.) விருந்தினர் முன்பு ஊர்தியைப் பறக்கவிடுதற்கு நாள் குறித்தாயிற்று, பந்தலும் போட்டாயிற்று. முதல்நாள் மாலையில், மின்னோடிகள் முழுவிரைவில் ஓடுங்கால் திசைகாட்டி பிறழ்வதை இவர் கண்டு, 'பறத்தல் ஆகாது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். மேலாளர் சினந்தார், பறப்பு தள்ளிவைக்கப்பட்டது, அடுத்த திங்களில் இவர் உதிரிப்பொருள் கிடங்கின் கணக்கெழுதும் பிரிவுக்கு மாற்றப்பட்டார். தடுக்கப்பட்ட இடருக்குச் சான்று காட்டவியலாது அன்றோ? விழாத ஊர்தியைக் காட்டி, 'இது விழுந்திருக்கும்' என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? இவ்விளைஞரின் 'ஆகாது' என்னும் ஒரு சொல்லுக்குச் சட்டத்தின் காப்பு வேண்டும் என்பதே என் கருத்து. 2021-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் ஆளில்லா ஊர்திகளை எடைக்கேற்ப ஐவகையாகப் பகுத்து, வகைச்சான்றுக்கும் வழி செய்துள்ளன. நன்று. சான்று வகைக்கு வழங்கப்படுகின்றது; வீழ்வதோ தனியோர் ஊர்தி. அத்தனியூர்தியின் கம்பியை முறுக்கியவர், முடிச்சை இறுக்கியவர், அதற்காகக் கையொப்பமிட்டவர் அஞ்சாது மறுத்துரைக்கும் நிலை வேண்டாவா?

இன்னும் ஒரு பிணைப்பு உண்டு. அதனை எந்தப் பொறியியல் வரைபடத்திலும் யான் கண்டதில்லை: கருவிக்கும் அதனை இயக்கும் கைக்கும் உள்ள பிணைப்பு. மகளிர் தன்னுதவிக் குழுக்கள் 15,000-க்கு மருந்து தெளிக்கும் ஊர்திகள் வழங்கும் திட்டத்தை இந்திய அரசு 2023-இல் ஏற்றது. நம் நெல்வயல்களின் மேலும் அவை பறக்கின்றன. வரப்பில் நின்று இயக்கும் அம்மையார் கையிலுள்ள திரையில் ஓர் எச்சரிக்கை எழுகின்றது. 'திசைகாட்டி பிறழ்கிறது, உடனே இறக்குக' என்பது அதன் பொருள். அஃது ஆங்கிலத்தில் எழுமாயின், அதனைப் பிறர்பால் கேட்டறிவதற்குள் மருந்துக் கலத்தோடு ஊர்தி அடுத்த வயலில் களை பறிப்பாரின் தலைமேல் சென்றிருக்கும். செவ்வாய்க் கலத்தைக் கெடுத்தது எதுவோ அதுவே ஈண்டும் நிகழ்கின்றது: ஒருவர் கூறியதை மற்றவர் அவர் கருதிய பொருளில் கொள்ளவில்லை.

இதனை மொழிபெயர்ப்பார் வேலையென்று தள்ளுதல் தவறு. இறுதிப் பிணைப்பு அறுந்திருக்கையில் பணி முடிந்ததென்று கையொப்பமிடலாகாது. 1949-இல் சி. இராசம் குரோம்பேட்டையில் நிறுவிய பொறியியற் கல்லூரி தொடக்கமுதலே வானூர்தியியலைக் கற்பித்து வருகின்றது. அத்தகைய கல்லூரிகளில் பயிலும் நம் பிள்ளைகளிடம் யான் வேண்டுவது இதுவே. நீங்கள் பிணைக்கும் ஊர்தியின் எச்சரிக்கைகள் இருபதோ முப்பதோ இருக்கும். அவற்றை வரப்பில் நிற்பார்க்கு உடனே விளங்கும் தமிழில் எழுதுங்கள். எழுதியதை உழவர் மகளிரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் விளங்கவில்லையென்றால் மாற்றியெழுதுங்கள். அது முடியும் வரையில், ஆய்வுத்தாளில் 'பறத்தல் ஆகாது' என்றே குறியுங்கள்.