பூட்டி வைத்தால் போதுமா?

மகளின் கல்யாணச் செலவுக்கு வீட்டின் பேரில் கடன் வாங்கலாம் என்று ஒரு குடும்பஸ்தர் தீர்மானிக்கிறார். பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம் மர அலமாரியின் அடித்தட்டில், துணிப் பையில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பத்து வருஷமாக அந்தக் கதவை யாரும் திறந்ததில்லை. சாவியோ வீட்டு எஜமானியின் கொத்தில் பத்திரமாக இருக்கிறது! கதவைத் திறக்கிறார்கள். பை இருக்கிறது, போட்ட முடிச்சும் அப்படியே இருக்கிறது. உள்ளே கையை விட்டால் வருவது ஒரு பிடி மண்!

பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டால் நகல் கிடைக்கும், வாஸ்தவந்தான். ஆனால், அசல் போன கதையை ஒவ்வொரு மேஜைக்கும் போய்ச் சொல்ல வேண்டும். கடன் கொடுப்பவர் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார். கல்யாணத் தேதியோ யாருக்காகவும் காத்திராது.

இவ்வளவுக்கும் காரணம் கறையான் என்று சொல்லிவிடுவது சுலபம். பாதிக் குற்றம் அந்தப் பூட்டினுடையது என்பதே உண்மை.

பழைய பாடம்

தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது, புற்று அவற்றை மூடியிருந்தது என்றும், எண்ணெயை ஊற்றிப் புற்றைக் கரைத்து எஞ்சிய ஏடுகளை மீட்டார்கள் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். அந்த அறைக்குப் பூட்டுக்குக் குறைவில்லை, காவலுக்கும் குறைவில்லை. திறந்து பார்க்கும் கண் ஒன்றுதான் குறைந்திருந்தது. பின்னாளில் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த டாக்டர் உ. வே. சாமிநாதையரும் செல்லரித்த சுவடிகளைக் கண்டு மனம் நொந்தவர்தாம்.

கறையானின் உடம்பு மிகவும் மென்மையானது. வெயிலும் உலர்ந்த காற்றும் பட்டால் வற்றி மடிந்துவிடும். அதனால்தான் அது மண்ணையும் எச்சிலையும் குழைத்துச் சுரங்கம்போல் பாதை கட்டி, இருட்டிலேயே நடமாடுகிறது. மரம், காகிதம், பருத்தித் துணி ஆகிய மூன்றிலும் உள்ள செல்லுலோஸ்தான் அதன் ஆகாரம். காட்டில் பட்ட மரத்தைத் தின்று மண்ணோடு மண்ணாக்குவது உலகத்துக்கு உபகாரமான வேலை. வீட்டு வாசற்காலும் பட்ட மரந்தானே? கறையானுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

எப்படிக் கண்டுபிடிப்பது?

சுவரிலோ நிலையிலோ பென்சில் கனத்துக்கு மண்கோடு ஏறியிருந்தால் அதுவே முதல் அடையாளம். நிலையை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். டொக் டொக்கென்று வெற்றுப் பெட்டிபோல் ஒலித்தால் உள்ளே ஒன்றுமில்லை. வெளியே நிற்பது வர்ணம் மட்டுமே!

மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசலைக் கண்டு குழந்தைகள் குதூகலிக்கிறார்கள். கிராமங்களில் அதை வறுத்துத் தின்பவர்களும் உண்டு. ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானே. தோட்டத்திலிருந்து விளக்கைத் தேடி வந்தால் கவலையில்லை. வீட்டுக்குள் சுவர் வெடிப்பிலிருந்தே கிளம்பினால், வீட்டிலேயே அது குடித்தனம் நடத்துகிறது என்று அர்த்தம். சிறகுள்ள எறும்பை ஈசலென்று எண்ணி மிரள வேண்டாம். எறும்புக்கு இடை சிறுத்திருக்கும். முன் சிறகு நீண்டிருக்கும். ஈசலுக்கு இடை சிறுக்காது. நான்கு சிறகும் ஏறக்குறைய ஒரே நீளம்.

நாற்காலியின் அடியில் மாவுபோல் தூள் கொட்டினால் அது உளுத்த மரம், வண்டின் வேலை. கசகசாவைப் போல மணிமணியாகக் கொட்டினால், மண்ணின் உதவியின்றி மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையான்.

துடைத்தால் தீருமா?

விருந்தாளி வருவதற்கு முன் மண்கோட்டைத் துடைப்பத்தால் தட்டி, மண்ணெண்ணெய் தடவி, மேலே சுண்ணாம்பு அடித்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இது வைத்தியமல்ல, சாட்சியை அழிப்பது! சுவரில் ஏறுவது கூலிப்படைதான். முட்டையிடும் ராணி பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறாள். மண்ணெண்ணெய் அவளை எட்டாது. தீ விபத்துக்குத்தான் வழி செய்யும். மண்கோட்டில் ஒரு விரற்கடை மட்டும் உடைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பார்க்கலாம். உடைந்த இடம் அடைபட்டிருந்தால் படை நடமாடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மருந்து போட வேண்டிய இடம் மண். வீடு கட்டும்போதே தளத்தின் கீழ் சதுர மீட்டருக்கு 5 லிட்டரும், அஸ்திவாரச் சுவரின் பக்கங்களுக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டரும் மருந்துக் கரைசல் விட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் 6313 கூறுகிறது. வாசலுக்குத் தேக்கும் கூடத்துக்குப் பளிங்கும் தேடுகிறவர்கள், கண்ணுக்குத் தெரியாத இந்தச் செலவில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். பலகைத் துண்டுகளையும் மரச் சிராய்களையும் தளத்தின் கீழேயே போட்டு மூடி, கறையானுக்கு முதல் விருந்தும் வைத்துவிடுகிறார்கள்! கட்டி முடித்த வீடானால், சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்தைச் செலுத்தி அடைக்க வேண்டும்.

இதை உரிமம் பெற்றவர்களிடம் விடுவதே உசிதம். ஒரு காலத்தில் கறையானுக்குத் தாராளமாகப் பயன்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை இந்தியாவில் 1996-ல் தடை செய்யப்பட்டன. அவை மண்ணிலும் உடற்கொழுப்பிலும் வெகுகாலம் தங்கிவிடும் நஞ்சுகள். மருந்து எதுவானாலும் கிணற்றுக்கு அருகில் விடலாகாது.

கண்ணே காவல்

"இரும்பு பீரோ வாங்கிவிட்டோம், இனிப் பயமில்லை" என்பார்கள் சிலர். இரும்பைக் கறையான் தின்னாது. ஆனால் அடித்தட்டு இடுக்கு வழியாக ஏறி உள்ளே இருக்கும் பட்டா, சர்ட்டிபிகேட், கல்யாணப் படம் எல்லாவற்றையும் தின்றுவிடும். "தேக்கு நிலையாயிற்றே!" என்பார்கள் வேறு சிலர். தேக்கின் வைரம் தாக்குப்பிடிக்கும், வெள்ளைப்பகுதி தாங்காது.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதற்கும், ஒழுகும் குழாயைச் சரிசெய்வதற்கும், பழைய காகிதக் கட்டைத் தரையில் போடாமல் இருப்பதற்கும் பெரிய செலவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்ப்பதற்குக் காலணாச் செலவும் இல்லை.

சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை எடுத்துத் துடைத்து அடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கவே இருக்கிறது. அன்று அலமாரியின் முதுகையும், பீரோவின் அடித்தட்டையும், பத்திரப் பையின் உட்புறத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் என்ன? சித்திரையில் இன்னொரு முறை பார்த்தால் மிகவும் நல்லது. பூட்டு திருடனைத் தடுக்கும். கறையானைத் தடுக்க வீட்டுக்காரரின் கண்தான் வேண்டும்.