பற்றை என்னும் சொல்

மாணாக்கன் ஒருவனது கட்டுரையிலே யான் சிவப்பு மையால் வெட்டிய சொல்லொன்று, இருபது ஆண்டுகள் கழிந்தும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. வன்னியிலிருந்து வந்து எம் பாடசாலையிற் சேர்ந்த சிறுவன் அவன். 'என் ஊர்' என்னும் பொருள்பற்றி எழுதுகையில், வீட்டுக்குப் பின்னாலே பெரியதொரு பற்றை உண்டென்றும், அதற்குள்ளே முயல் கிடக்குமென்றும் எழுதியிருந்தான். யான் 'பற்றை' என்பதை வெட்டி, மேலே 'புதர்' என எழுதி, ஓரத்திலே 'கொச்சை தவிர்க்க' என்றும் குறித்தேன். கொப்பியைப் பெற்றுக்கொண்டவன் போகாது நின்றான். "புதர் எண்டால் என்ன சேர்? எங்கட ஊரிலை அது இல்லை" என்றான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன்.

பிழை என்னுடையது. கொச்சை என்பது சிதைந்த சொல். வாயின் சோம்பலால் உருக்குலைந்தது. பற்றை எச்சொல்லின் சிதைவு? எதன் சிதைவும் அன்று. நம் நாட்டுத் தமிழர் வாயிலே முழுமையாய் வழங்குஞ் சொல் அது. அதனைத் திசைச்சொல் எனக் கொள்ளினும் இழுக்கில்லை. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்த தொல்காப்பியர், அந்நான்கும் செய்யுளுக்கு உரியவை என்றே விதித்தார். செய்யுளுக்கு ஆவதொன்று ஏழாம் வகுப்புக் கட்டுரைக்கு ஆகாதோ?

இனிப் பொருளை நோக்குவோம். நிலத்தைக் குறிக்கும் நம் ஊர்ச் சொற்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கு உரிய எல்லையில் நிற்பவை. உழுத நிலம் உழாது விடப்பட்டாற் தரிசு. புல் படர்ந்து, மாடு ஆடு மேயத் திறந்து கிடக்கும் சமநிலம் தரவை. வல்லை வெளி போலக் கண்ணுக்கெட்டிய தூரம் மறைப்பின்றிக் கிடப்பது வெளி. ஓங்கிய மரங்கள் செறிந்தது காடு. இவற்றுள் எதிலும் அடங்காதது பற்றை. ஆளுயரமும் அதனிற் குறைந்தனவுமான செடிகள் முள்ளும் கொடியுமாய்ப் பின்னி, ஒரு திட்டு மூடியும் அடுத்த திட்டு வெளித்தும் கிடப்பது அது. தனித்த ஒரு தூறும் பற்றைதான். அத்தூறுகள் மலிந்த நிலமும் பற்றைதான். 'காணி பற்றையாய்க் கிடக்கிறது' என்று கிழவி ஒருத்தி சொல்லும்போது, அந்நிலத்தின் தோற்றம் மட்டுமன்றி, எத்தனை காலம் அங்கே மண்வெட்டி படவில்லை என்பதும் கேட்பவனுக்கு விளங்கிவிடுகின்றது. 'புதர்' என்னும் சொல் அவ்வளவையும் நமக்குத் தருவதில்லை.

'காடு பற்றிப் போயிற்று' என்னும் வழக்கையும் உடன்வைத்து, பற்று என்னும் வினையோடு இச்சொல்லை உறவுபடுத்த மனம் விழைகின்றது. மண்ணைப் பற்றியும் ஒன்றையொன்று பற்றியும் நிற்றலாற் பற்றை என்பது அழகிய விளக்கமே. ஆயினும், ஓசை ஒப்புமை ஒன்றனையே கொண்டு பிறப்பு நாட்டுதல் ஆராய்ச்சியாகாது. ஆதலின் அதனை அவ்வளவில் நிறுத்துகின்றேன்.

பற்றையிலே என்ன இருக்கின்றது? 'ஒன்றுமில்லை, வெறும் பற்றை' என்பர் நகரத்தார். ஊரறிந்தவர் அங்ஙனம் சொல்லார். காரையும் களாவும் சூரையும் ஈச்சும் அங்கே நிற்கின்றன. நான்கின் பழங்களும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் பண்டம். ஈச்சோலை பெட்டிக்கும் பாய்க்கும் ஆகும். முசுட்டை இலை வறைக்கு. தூதுவளையும் ஆடாதோடையும் இருமலுக்கு. நொச்சி வேது பிடிக்க. காவிளாய் என நாம் வழங்கும் கொழுஞ்சியைப் பிடுங்கித் தோட்டத்து மண்ணிலே தாட்டு, உரமின்றி விளையாத நிலத்தை விளைவித்தவர் நம் முன்னோர். முயலும் உடும்பும் கௌதாரியும் அங்கேயே குடியிருப்பன. இத்தனைக்கும் இடமான ஒன்றை 'வெறும்' என்பது பேசுபவரின் அறியாமையைக் காட்டுமேயன்றி நிலத்தின் வறுமையைக் காட்டாது.

இச்செடிகளை நம் முன்னோர் எவ்வளவு மதித்தனர் என்பதற்கு ஊர்ப்பெயர்களே சான்று. காரைதீவு என வழங்கிய காரைநகர், ஆவரங்கால், ஈச்சமோட்டை. மன்னாரிலே எருக்கலம்பிட்டியும் விடத்தல்தீவும். அரசன் பெயரையோ வள்ளல் பெயரையோ தேடாது, வாயிலில் நின்ற முட்செடியின் பெயரையே ஊருக்கு இட்டு மகிழ்ந்த மக்கள் நாம்.

இம்மதிப்புப் பழைமையானது. சங்கப் புலவர் முல்லை நிலத்தைப் புறவு என்றனர். பிடவும் தளவும் காயாவும் குருந்தும் மலரும் அப்புறவு, பெரும்பாலும் இத்தகைய செடிநிலமே. கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது மலர்களை நிரல்படுத்துகையில், காந்தளையும் ஆம்பலையும் வைத்த அதே வரிசையில் ஆவிரையையும் சூரலையும் வைத்தார். நம் ஆவரையும் சூரையும் அவையே. பண்டித வகுப்பிலே அப்பாட்டை உரையோடு ஒப்புவிக்கும் மாணவர் பலர், வீட்டு வேலிக்கு அப்பால் நிற்கும் சூரையைக் காட்டினால் அறியார். குற்றம் அவர்களதன்று, பாட்டைக் கற்பித்துச் செடியைக் காட்டாத எம் போன்றாரதே.

நிற்க. ஒரு சொல் போனால் என்ன போயிற்று என வினவுவோர்க்கு இந்நாட்டு வரலாறே விடை கூறும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் குடியில்லாததும் பயிரிடப்படாததுமான நிலங்களையெல்லாம், எதிர்மாறு நிறுவப்படும்வரை முடிக்குரியன எனக் கொண்டது. 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. சேனை வெட்டி விதைத்து, பின் சில ஆண்டு பற்றை வளரவிட்டு, மீண்டும் அங்கேயே திரும்புவது குடிகளின் முறை. வளர விட்ட அந்தப் பற்றையை ஆள்வோரின் ஏடு 'தரிசு' என்றது. சொல் மாறியது, நிலம் கைமாறியது. மலைநாட்டுச் சிங்களக் குடியானவரே இதனாற் பெரிதும் தாக்குண்டனர். அவர் பட்டது நமக்கும் பாடமாதல் வேண்டும்.

நம் காலத்திலும் இது முடிந்தபாடில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தவர்களுள் பலர், 2009இற் போர் ஓய்ந்தபின் சிறிது சிறிதாகக் காணிகள் விடப்பட்டபோதே மீண்டனர். அவர்களுக்குக் கிணறும் அடுப்படியும் எங்கே என்று தெரியாதவாறு பற்றை மூடிக் கிடந்தது. அங்கே அச்சொல்லுக்கு இருபது ஆண்டின் இழப்பே பொருள். வன்னியிலோ, கைவிட்ட வயல்களிற் பற்றை எழுந்தமையால் அவை காடெனக் கணிக்கப்பட்டுவிட்டன என்னும் முறைப்பாடு நெடுங்காலமாய்க் கேட்கின்றது. உண்மைக் காட்டைக் காத்தல் கடனே. அதனை யான் மறுக்கவில்லை. ஆயின், காடு வேறு, வயல்மேல் எழுந்த பற்றை வேறு என்பதை எடுத்துரைக்க நாவிலே சொல் இருத்தல் வேண்டுமன்றோ? பற்றைக்கும் காட்டுக்கும் வேற்றுமை சொல்லத் தெரியாத பேரன், பாட்டனின் வயலை எங்ஙனம் தன்னதென நிறுவுவான்?

'எல்லா நாட்டுத் தமிழர்க்கும் விளங்கும் பொதுச்சொல் வேண்டாவோ' என அன்பர் சிலர் கேட்பர். வேண்டும். புதர் என்னும் நல்ல தமிழ்ச்சொல்லோடு எனக்குப் பகையில்லை. அதனையும் பிள்ளைகள் கற்க. ஆனால், ஒன்றைக் கற்பிப்பதற்கு மற்றொன்றைக் கொல்ல வேண்டியதில்லை. பொதுமொழி என்பது பல ஊர்ச் சொற்கள் வந்து சேருங் குளம். வாய்க்கால்களை அடைத்துவிட்டுக் குளத்தில் நீர் தேடுதல் பேதைமை.

ஆசிரியர்களை யான் வேண்டுவது இவ்வளவே. மாணவன் பற்றை, தரவை, காவிளாய் என எழுதினாற் சிவப்பு மையை எடாதீர்கள். அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதன் பொருளை வகுப்புக்கு அவனையே சொல்ல வையுங்கள். ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளை ஊர்ப்புறப் பற்றைக்கு அழைத்துச் சென்று, பத்துச் செடிகளின் பெயரை முதியவரிடம் கேட்டு எழுதச் செய்யுங்கள். 1980களின் பிற்பகுதி முதல் நம் தோட்டங்களிற் பரவிய பார்த்தீனியத்தையும் அங்கே காட்டுங்கள். பச்சையாய் நிற்பதெல்லாம் ஒன்றல்ல என்பதை அவர்கள் நேரிலே கண்டறிவர்.

அந்தச் சிறுவன் இன்று முப்பது வயதைக் கடந்திருப்பான். அவன் கொப்பி மீண்டும் என் கைக்கு வருமாயின், யான் எழுதிய 'புதர்' என்பதை வெட்டிவிட்டு, ஓரத்திலே ஒரு வினா மட்டும் எழுதுவேன்: 'முயல் கிடந்த அப்பற்றையிலே என்னென்ன செடிகள் நின்றன?'