அட்மிட் ஆனால்தான் காசா?



மனச்சோர்வில் தவிக்கும் பிள்ளையிடம் "டாக்டரைப் பாரு"ன்னு ஈஸியா சொல்லிடறோம். ஃபீஸ் யார் கட்டுறது?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21 தெளிவாகச் சொல்கிறது: உடல் நோய்க்குத் தரும் அதே காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும். 2018-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டுவிட்டது.

நடப்பது என்ன? பெரும்பாலான பாலிசிகளில் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம்! மனச்சோர்வுக்கு வாராவாரம் கவுன்சிலிங் வேணும், மாதக்கணக்கில் மாத்திரை வேணும். அதுக்கெல்லாம் கைக்காசுதான். நோய் முத்தி அட்மிட் ஆகும்வரை காத்திருக்கச் சொல்வதற்குப் பெயர் சமத்துவமா?

"அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தானே?" என்பார்கள். உண்மைதான். ஆனால் காலையில் ஓ.பி. வரிசையில் நின்றால், உணவு டெலிவரி செய்யும் தம்பிக்கும் துணிக்கடையில் வேலை பார்க்கும் தங்கச்சிக்கும் அன்றைய சம்பளம் போச்சு!

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. அத்தனை பேரையும் "தைரியம் இல்லாதவங்க"ன்னு ஒதுக்கிவிட முடியுமா?

நாம் கேட்பது இரண்டே இரண்டு:

🔴 அட்மிட் ஆகாமல் பெறும் மனநல சிகிச்சைக்கும் கவுன்சிலிங்குக்கும் காப்பீடு கொடு!

🔴 ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாலை நேர மனநல ஆலோசனை தொடங்கு!

சட்டம் போட்டாச்சு, செலவை ஏற்க மட்டும் ஏன் தயக்கம்?

இப்பவே பேச ஆள் தேவைப்படுறவங்க 14416-க்குக் கூப்பிடுங்க. டெலி மானஸ் உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். மற்றவர்கள் பகிருங்கள், உரக்கக் கேளுங்கள்!

#மனநலமும்_மருத்துவ_உரிமையே