கடை யாருடையது?

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். கடை வைத்துப் பிழைக்கும் வீட்டுக்காரர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

லண்டனில், கட்டாரில் இருக்கும் நம் பிள்ளைகள் ‘பட்டக்ஸ்’ என்ற பெயர் போட்ட ஊறுகாய்ப் போத்தலைக் கண்டிருப்பார்கள். அந்தப் போத்தலுக்குப் பின்னால் ஒரு தாய் இருக்கிறார். பெயர் சாந்தா பாதக். குஜராத்திக் குடும்பம். கென்யாவில் இருந்தவர்கள், அங்கு நிலைமை மோசமானதும் 1956இல் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு வந்தார்கள். கென்யாவில் இனிப்புக் கடை நடத்திய கணவருக்கு லண்டனில் கிடைத்தது கான் துப்புரவாக்கும் வேலை. சாந்தா வீட்டுக் குசினியில் இனிப்பும் சமோசாவும் செய்தார். பிள்ளைகள் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சில வருடங்களுக்குள் யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரம்மண்ட் தெருவில் கடை வந்தது. பிறகு தொழிற்சாலை வந்தது. 1972இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது, இங்கிலாந்து முகாம்களில் இருந்த அகதிகளுக்கு இவர்களின் சாப்பாட்டுச் சாமான் போனது. 2007இல் ஒரு பெரிய பிரித்தானியக் கம்பனி அந்த வியாபாரத்தை வாங்கியது.

ஆனால் இடையில் 2004இல் அந்தக் குடும்பம் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தங்களுக்குத் தரப்பட்ட பங்குகளைத் தாயிடம் பாதுகாப்புக்குக் கொடுத்து வைத்தோம், அது ஆண் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டது என்றார்கள் இரண்டு பெண்மக்கள். குடும்ப மரபுப்படி கம்பனிப் பங்கு ஆண்பிள்ளைகளுக்குத்தான் என்றது மறுபக்கம். கடைசியில் சமாதானமாக முடித்துக்கொண்டார்கள். யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு குசினியில் தொடங்கிய வியாபாரத்தில் யாருக்கு எவ்வளவு என்று தொடக்கத்திலேயே எல்லோருக்கும் விளங்கும்படி பேசி எழுதி வைக்காவிட்டால், ஐம்பது வருடம் கழித்து ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டி வருகிறது. அதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். பொத்துவில் றோட்டால் அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவில், திருக்கோவில் வரைக்கும் வாருங்கள். எத்தனை சில்லறைக் கடைகளில் ஒரு உம்மம்மாவோ அம்மம்மாவோ லாச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறார்? சுபஹோடு எழும்பி இடியப்பம் அவித்துக் கொடுத்து, கடன் கொப்பியை மனதிலேயே வைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்? யுத்தம் ஆண்களைக் கொண்டுபோன வீடுகளிலும், 2004 டிசம்பர் 26இல் கடல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்ட வீடுகளிலும், முதலில் திறபட்ட கடைகளில் பல இவர்களுடையவைதான். முதல் பல நேரம் காப்பை அடகு வைத்த காசு.

நம் கரையோரத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழர், முஸ்லிம் இரு பகுதியாரிடமும் தாய்வழிக் குடி முறை உண்டு. வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். அக்கரைப்பற்றில் வருடக்கணக்காக ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதை விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் வீட்டை மகளின் பெயருக்கு எழுதும் நாம், வீட்டுக்கு முன்னால் இருக்கும் கடையை யாருடைய பெயரில் பதிகிறோம்? அநேகமாக ஆணின் பெயரில். நின்று உழைப்பவர் ஒருவர், பதிவில் இருப்பவர் வேறொருவர்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். நான் கணிதம் படிப்பிக்கிற ஆள். பின்னக் கணக்காகவே சொல்கிறேன்.

கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்த கடையின் பெறுமதி 16 இலட்சம் என்று வையுங்கள். பதிவு கணவனின் பெயரில். அவர் மௌத்தானால், பிள்ளைகள் இருந்தால், நம் வாரிசுச் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று. அதாவது 2 இலட்சம். கடையில் பாதி ஆரம்பத்திலேயே அவருடையது என்று எழுதியிருந்தால், 8 இலட்சம் அவருடைய சொந்தச் சொத்து. மீதி 8 இலட்சத்தில் எட்டில் ஒன்று இன்னும் ஒரு இலட்சம். மொத்தம் 9. நம் தமிழ் அயலவர்களுக்குப் பொதுச் சட்டப்படி விதவைக்குப் பாதி. அவர்களுக்கும் எழுதாவிட்டால் 8, எழுதினால் 12. மார்க்கச் சட்டமோ நாட்டுச் சட்டமோ இங்கே பெண்ணுக்கு அநியாயம் செய்யவில்லை. மௌத்தானவருக்குச் சொந்தமானதைத்தான் சட்டம் பங்கிடுகிறது. சொந்தமில்லாததையும் சேர்த்து அவருடைய கணக்கில் போட்டுக் கொடுப்பவர்கள் நாம்.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த பேச்சு அல்ல. 16ஆம் நூற்றாண்டில் மொரோக்கோ மலைநாட்டில் இப்னு அர்தூன் என்ற மாலிகி அறிஞர், வயலில் உழைத்த மனைவிக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்று ஃபத்வா கொடுத்தார். 2022இல் அல்அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அத்தையிப், அந்த உழைப்பு உரிமையை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும் என்றார். நாம் ஷாஃபிஈ என்று சொல்வீர்கள். மலேசியாவும் ஷாஃபிஈதான். அங்கே ஷரீஆ நீதிமன்றங்கள் தம்பதியர் சேர்ந்து தேடிய சொத்தைத் தனியாகப் பிரித்த பிறகே மீதியை வாரிசுகளுக்குப் பங்கிடுகின்றன. கதீஜா நாயகியின் வியாபாரத்தைப் பற்றி மேடையில் பேசும் நாம், அது அவருடைய பெயரில், அவருடைய சொந்த முதலில் நடந்த வியாபாரம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

“குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு? உம்மாவிடம் கணக்குப் பார்ப்பதா?” என்று சிலர் முகம் சுளிப்பார்கள். குர்ஆனின் ஆக நீண்ட வசனமே கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். நம்பிக்கை இல்லாததால் எழுதுவதில்லை. நம்பிக்கை கெடாமல் இருக்கத்தான் எழுதுகிறோம். உம்மாவின் காப்பு கடையின் முதலாகப் போயிருந்தால், வாப்பா தந்துவிட வேண்டிய கடன் அது. கடனைக் கொடுத்த பிறகுதான் பங்கு என்பதை மத்ரஸாவில் ஓதும் பிள்ளையும் அறியும்.

ஆகவே நான் கேட்பது மூன்று விடயம்.

ஒன்று: பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியும்போது இருவர் பெயரையும் போடுங்கள். ஏற்கனவே பதிந்திருந்தால் மாற்ற வழி உண்டா என்று போய்க் கேளுங்கள்.

இரண்டு: முதலுக்கு யார் என்ன போட்டார் என்று ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்து வைத்து, இரண்டு சாட்சிகளும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, இது பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களுக்கும் மௌலவிமாருக்கும்: சொத்துப் பிரிக்க வருபவர்களிடம் “வாரிசு யார்” என்று கேட்பதற்கு முன் “இதில் உம்மாவுடையது எவ்வளவு” என்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருக்கும் நேரத்தில் பதிவுத் துண்டை வெளியே எடுத்துப் பாருங்கள். அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே சத்தமாக வாசியுங்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள், பேசுவோம்.