வலியின் இரவில் ஒரு பழைய படம்

சிறுநீரகக் கல்லின் வலி மனிதனைப் படுக்கவும் விடாது, உட்காரவும் விடாது. தணிந்துவிட்டது என்று எண்ணும் நேரத்தில் மீண்டும் விலாவில் கிளம்பி அடிவயிறு நோக்கி இறங்கும். அப்படியான ஓர் இரவில், விழுங்கிய மாத்திரை வேலை செய்யக் காத்திருந்த வேளையில், ஒலியைக் குறைத்துவிட்டுத் தொலைக்காட்சியைப் போட்டேன். மணி ஒன்றரை இருக்கும். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ ஓடிக்கொண்டிருந்தது.

1962இல் வெளிவந்த படம். கதையின் பெரும்பகுதி ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. வேணு (முத்துராமன்) புற்றுநோயாளி. அவன் மனைவி சீதா (தேவிகா). அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிய மருத்துவர் முரளி (கல்யாண்குமார்) அவளுடைய முன்னாள் காதலன். இதை அறிந்துகொள்ளும் வேணு, தான் பிழைக்காவிட்டால் முரளியை மணந்துகொள்ளும்படி மனைவியிடம் சொல்கிறான். இறுதியில் வேணு பிழைக்கிறான். முரளி இறந்துபோகிறான்.

முன்பு பார்த்தபோதெல்லாம் வேணுவின் பெருந்தன்மை என்னைக் கலங்க வைத்திருக்கிறது. அன்றிரவு முதலில் எரிச்சல்தான் வந்தது. இந்த நோயாளி வாக்கியங்களை முழுமையாகப் பேசுகிறான். நான் பார்த்தவரையில் நோய் அவனுடைய சொற்களைக் குலைக்கவே இல்லை. நானோ சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் முன்னும் பின்னும் நடந்தபடி, வேண்டாத தெய்வமில்லை. நம் திரைப்படங்களில் நோய் உண்டு, வலி இல்லை.

எரிச்சல் தணிந்தபோது வேறொன்று தோன்றியது. வேணு செய்வது தியாகம்தானா? தான் இல்லாத உலகத்தையும் தானே ஒழுங்கு செய்துவிட்டுப் போக விரும்புகிறான் அவன். மனைவி யாரோடு வாழ வேண்டும் என்பதைக் கட்டிலில் படுத்தபடியே தீர்மானிக்கிறான். நோயுற்றவனிடம் எஞ்சியிருக்கும் ஒரே அதிகாரம் அது. பார்ப்பவர்களின் இரக்கம் அதை அதிகாரம் என்று அறியவிடாமல் மறைத்துவிடுகிறது.

இந்த நோயாளியின் வாரிசுகள் நம் சினிமாவில் நிறையவே உண்டு. ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ இரண்டும் 1982இல் வந்தவை. இரண்டிலும் நாயகன் தன் புற்றுநோயைக் காதலியிடம் மறைத்து, அவளைத் தன்னிடமிருந்து விலக்கப் பார்க்கிறான். அவளுடைய நன்மைக்காகத்தான் என்று நாமும் கண்ணீர் விட்டோம். உண்மையைத் தெரிந்துகொண்டு அவளே முடிவெடுக்கட்டும் என்று அந்தப் படங்களுக்குத் தோன்றவில்லை.

ஸ்ரீதர் இந்த இடத்தில்தான் உயர்ந்து நிற்கிறார். சீதாவுக்கு நோய் தெரியும், கணவன் மனதில் இருப்பதும் தெரியும். அவன் சொன்னதற்கு அவள் பதில் சொல்கிறாள். பி. சுசீலாவின் குரலில் ஒலிக்கும் அந்தப் பாடலை நாம் காலமெல்லாம் சோகப் பாடலாகவே கேட்டுப் பழகிவிட்டோம். உண்மையில் அது ஒரு வழக்கு. ‘இதைச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?’ என்று படுக்கையில் இருப்பவனைக் கூண்டிலேற்றிக் கேட்கும் வழக்கு. நோயாளி என்பதற்காக அவள் அவனுக்குச் சலுகை காட்டவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து வந்த நாயகிகளுக்கு அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்கும் வாய்ப்புகூட மறுக்கப்பட்டது. முன்னேற்றம் எப்போதும் காலத்தோடு சேர்ந்து நடப்பதில்லை.

ஸ்ரீதர் தம் கடைசி ஆண்டுகளைப் பக்கவாதத்தால் முடங்கிக் கழித்து, 2008இல் மறைந்தார். அந்த அனுபவத்திற்குப் பின் இதே கதையை எழுதியிருந்தால் வேணுவை ஒருமுறையேனும் அலற விட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சீதாவின் கேள்வியை மாற்றியிருக்க மாட்டார்.

அந்த இரவில் நான் மனைவியை எழுப்பவில்லை. காலையில் வேலைக்குப் போகிறவள், தூங்கட்டும் என்று நினைத்தேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. விடிந்ததும் மேசைமீது கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: “ஏங்க, என்னை எழுப்பியிருக்கக் கூடாதா? எனக்குத் தெரிய வேண்டாமா?”

நான்கு மணி நேரத்துக்கு முன்பு வேணுவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.