விருதைக் கொடுத்துவிட்டு வெற்றியைப் பறிப்பதா?

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்துக்கான திருத்தம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விதியை மீறிப் பண்ணை நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை என்றிருந்தது, இப்போது அபராதத்தோடு போகிறது. கடலின் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இறால் பொரிப்பகங்களுக்கும் வழி திறந்தாயிற்று. 2020-இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனுக்குப் பத்ம பூஷண் அறிவித்ததும் இதே பாஜக அரசுதான். அந்தச் சர்வோதய ஊழியருக்குப் பதக்கம் சூட்டிய கை, இறால் பண்ணைகளுக்கு எதிரான அவருடைய போராட்டத்தின் பலனில் எஞ்சியிருந்ததையும் துடைத்தெறிந்தது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டதற்குப் பிறகு, கணவர் ஜெகந்நாதனோடு கீழத்தஞ்சைக்கு வந்தவர் கிருஷ்ணம்மாள். நிலம் இல்லாதவரை கூலிக்கும் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்பது அவர் அங்கே கண்ட உண்மை. 1981-இல், நிலமற்றோருக்கு நிலம் பெற்றுத்தர ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கினார். மிராசுதார்களிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று வாங்கிப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார். அப்படி நிலம் பெற்றவை ஏறத்தாழ 13,000 குடும்பங்கள். மனித உரிமை என்ற சொல்லுக்கு இதைவிடத் திடமான பொருளை நான் அறியேன்.

தொண்ணூறுகளில் அங்கே இறால் பண்ணைகள் வந்தன. உப்புநீர் பக்கத்து வயலுக்குள் கசிந்தது, குடிநீர்க் கிணறு கரித்தது, நடவுக்கும் அறுவடைக்கும் போன பெண்களுக்கு வேலை போயிற்று. ஊர்மக்களோடு சேர்ந்து இருவரும் சத்தியாகிரகம் நடத்தினார்கள். 1994-இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருக்கும் இறால் பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்கவும், வேலையிழக்கும் தொழிலாளருக்கு ஆறாண்டு ஊதியம் தரவும் உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப எழுதுவேன், யாராவது பதில் சொல்லும்வரை. நீரி என்ற அரசு ஆய்வு நிறுவனம் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது: தமிழ்நாட்டில் இறால் பண்ணைகளின் ஆண்டு வருவாய் 280 கோடி ரூபாய், அவை விளைவித்த சேதம் 423 கோடி. ஆந்திரத்தில் வருவாய் 1,500 கோடி, சேதம் 6,300 கோடி. வருவாய் பண்ணை முதலாளிக்கு. சேதம் யாருக்கு? பட்டாவில் ஒரே ஒரு ஏக்கர் வைத்திருக்கும் பெண்ணுக்கு. நூறு ரூபாய் சம்பாதிக்க ஏழையின் நிலத்தில் நூற்றைம்பது ரூபாயை அழிக்கும் ஒன்றுக்குத் தொழில் என்றா பெயர்?

‘அந்நியச் செலாவணி வருகிறது’ என்பார்கள். இந்தக் கணக்கைப் படிக்காதவர்களோடு வாதிட்டுப் பயனில்லை.

தீர்ப்பை நிறைவேறவிடாமல் தடுத்ததில் கட்சி பேதமே கிடையாது. காங்கிரஸ் கூட்டணி ஆட்சியில் 2005-இல் வந்த சட்டம், கடலோர மண்டல விதிகள் இறால் வளர்ப்புக்கு 1991 முதலே பொருந்தாது என்று முன்தேதியிட்டு எழுதியது. நீதிமன்றத்தில் தோற்றவர்களை நாடாளுமன்றத்தில் ஜெயிக்க வைத்தார்கள். அதில் மிஞ்சிய கொஞ்சப் பல்லையும் பாஜக அரசு 2023-இல் பிடுங்கிவிட்டது. இரண்டு அவைகளிலும் அமர்ந்திருக்கும் தமிழ்நாட்டு உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு நாகப்பட்டினத்தின் கரித்த கிணறுகள் நினைவுக்கு வந்தன? 1996 தீர்ப்பை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தால், கடைமடைப் பெண்கள் இன்று திருப்பூர் மில்களுக்குப் பிழைப்புத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

கிருஷ்ணம்மாளைக் கௌரவிக்க இன்னொரு மேடையும் பொன்னாடையும் வேண்டாம். கைவிடப்பட்டுக் கிடக்கும் இறால் குட்டைகளைத் தமிழ்நாடு அரசு கையகப்படுத்தட்டும். அரசு செலவில் உப்பை வடித்து, நிலமற்ற தலித் பெண்கள் பெயரில் பட்டா எழுதட்டும். அவர் இருக்கும்போதே அந்தப் பட்டாக்களை அவர் கையால் கொடுக்கச் செய்யட்டும்.